நேற்று வைத்த மை

சப். பிறகு ஒரு சின்ன இழுப்பு. பிறகு ப்ச் என்று, இருட்டுக்குள் யாரோ உச்சுக் கொட்டுவது போல. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, ஆனால் மழை மூட்டத்தில் மாடிப்படி கிணறு மாதிரிக் கிடந்தது. சத்தம் அதன் அடியிலிருந்து ஏறி வந்தது. மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைச் சுகந்தி தன்னை அறியாமல் இறுக்கினாள். மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்தத் தோல் கிளினிக்கில் இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தார்கள், முகப்பருவோடு ஒரு கல்லூரிப் பையன், கழுத்தில் தேமலோடு ஒரு போலீஸ்காரர், யாரும் தலையைத் தூக்கவில்லை. சுவரில் டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. சப். இழுப்பு. ப்ச். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா, கேட்காமல் எப்படி இருக்கும், இவ்வளவு தெளிவாக, படிக்கு ஒருமுறை. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால், பாத்திரம் கழுவி ஈரமாகக் கிடந்த சமையலறையில் ராத்திரியானால் அதுதான் நடமாடும். ஹவாய் செருப்பின் அடியில், கால் ஆணி அழுந்துகிற இடத்தில், பிளேடால் வட்டமாக வெட்டி எடுத்த துளை. ஈரத்தில் மிதித்தால் அது தரையைக் கவ்விக்கொள்ளும், தூக்கும்போது ப்ச் என்று விடும். அம்மாவின் இடது செருப்பு. அம்மா போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. அந்தச் செருப்பைக் குப்பை வண்டியில் போட்டது இவள்தான், காகிதத்தில் சுற்றி, உயிருள்ள எதையோ போடுவது போல, வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அது இப்போது படியேறி வருகிறது. பாதியில் நின்றது. மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்தாள் சுகந்தி, நினைத்த மாத்திரத்தில் முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது, யார் வாங்குகிறாள், செத்தவளுக்கு ஏது மூச்சு.

வாசலைப் பார்க்கக் கூடாது. தரையைப் பார்த்தாள், தரையில் தன் வெறுங்காலைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிவிட்டு வரவும் என்று எழுதியிருந்ததால் எல்லோரும் வெறுங்காலோடு இருந்தார்கள், இடது காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தூக்கி வைத்தால் தரையில் மை ஒட்டியிருக்கும். மை. மை மட்டும்தானா என்பதுதான் கேள்வியே, அதற்காகத்தான் இந்த மழையில் வந்திருக்கிறாள். அத்தை, கணவன் முரளியின் அம்மா, விளக்கெண்ணெய்த் திரியின் கரியில் தானே கூட்டி வைத்திருக்கும் மை; கடை மை பச்சைப்பிள்ளைக்கு ஆகாது. குழந்தை ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, சாயங்காலமானால் குழந்தைக்குக் கன்னத்தில் ஒன்று, இடது உள்ளங்காலில் ஒன்று. “பெத்தவளுக்கும்தான்டி கண்ணு படும், நீ மட்டும் கல்லா? காலை நீட்டு.” இவளுக்கும் உள்ளங்காலில் ஒன்று. மாமியார் கை காலில் படுவதா என்று கூசி, “ஐயோ வேணாம் அத்தே” என்று இழுப்பாள். “புள்ளை பெத்தவ காலும் புள்ளை காலுதான், நீட்டு” என்று அத்தை விரலால் அமுக்குவாள். அந்த அமுக்கல் பிடித்திருந்தது. அம்மா போன பிறகு யாரும் அவள் காலைத் தொட்டதில்லை. இன்றைக்கும், கிளம்புகிற நேரத்தில் எங்கே போகிறாள் எதற்குப் போகிறாள் என்று தெரியாமலே, விளக்கு வைக்கும் வேளையில் வெளியே போகிறாயே என்று வாசலிலேயே உட்காரவைத்து ஒரு பொட்டு. சரியாக அதே இடத்தில். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது காய்ந்த பீர்க்கங்கூட்டால் தேய்த்தாள், மை போனது, பொட்டு போகவில்லை. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தாள், கடலைமாவு போட்டுத் தேய்த்தாள், பாதம் முழுக்கச் சிவந்து நடுவில் அது மட்டும் கறுப்பாக, ஒரு பக்கம் ஓரம் கசிந்தாற்போல, ஈரத் தாளில் பேனா மசி படர்ந்தாற்போல. வீட்டில் செய்த மை, தோலில் ஊறியிருக்கும் என்று எழுந்துவிட்டாள். அன்று சாயங்காலம் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள், “ஏன் அத்தே, எப்பவும் அதே எடத்துலயே வைக்கிறீங்க?” “நேத்து வச்ச தடம் இருக்கும்ல, அது மேலயே வச்சிருவேன். எனக்கென்ன கண்ணா தெரியுது.” நேற்றைய தடத்தின்மேல் இன்று. நேற்று, அதற்கு முந்தின நாள் தடத்தின்மேல். அதற்கு முந்தின நாள், அதற்கும் முந்தின தடத்தின்மேல். இப்படியே பின்னால் போய்க்கொண்டே இருந்தால், முதல்முதலாக வைத்த அன்றைக்கு அத்தை எதைப் பார்த்து அந்த இடத்தில் வைத்தாள்?

எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்பார். அதைத்தான் முதலில் கேட்பார்கள், பெரிசானதா, நிறம் மாறியதா, பிறந்ததிலிருந்தே உண்டா. பதில் சொல்லத் தெரிந்த ஒரே ஆளை எரித்தாயிற்று. ஒரு மனுஷியின் உடம்பில் எங்கெங்கே மச்சம் என்று தெரிந்தவள் அவளைக் குளிப்பாட்டியவள்தானே. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து உட்காரவைத்து அம்மா எண்ணுவாள், “முதுகுல ஒண்ணு, சோத்துக்குப் பஞ்சமில்ல. தோள்ல ஒண்ணு, சுமக்கப் பொறந்தவ. தொண்டையில ஒண்ணு, வாய் ஓயாது.” அப்புறம் காலுக்கு வருவாள். காலுக்கு வந்து என்ன சொல்வாள்? உள்ளங்கால் மச்சம் ஊரூராச் சுத்த வைக்கும் என்று சொல்வாள், அது நிச்சயம், அந்தக் குரல்கூடக் கேட்கிறது, சீயக்காய் கண்ணில் பட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள் இவள். ஆனால் உனக்கு இருக்கு, நீ சுத்துவே என்றாளா, உனக்கு இல்லை, நீ வீடடங்கி இருப்பே என்றாளா? இரண்டும் அம்மாவின் வாயில் ஒரே மாதிரி வருகிறது. ஒவ்வொரு ராத்திரியும் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நினைப்பில் அந்தக் குளியலறைக்குள் போய், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, இன்னொருமுறை சொல்லும்மா என்று காத்திருக்கிறாள். சில ராத்திரி இருக்கு என்கிறாள். சில ராத்திரி தண்ணீரை மொண்டு ஊற்றிச் சத்தத்தில் அடித்துவிடுகிறாள். நான் எங்கே சுற்றினேன், திண்டுக்கல்லை விட்டால் மதுரை, மதுரையை விட்டால் திண்டுக்கல், அப்படியென்றால் பிறக்கும்போது மச்சம் இல்லை, இல்லையென்றால் இது புதுசு, புதுசு என்றால், என்று போய் அங்கேயே முட்டி நிற்கும், மறுபடி குளியலறை, மறுபடி சீயக்காய்.

அம்மாவுக்கும் இப்படித்தான், கால் ஆணி என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்ன, எல்லோரும் சேர்ந்து சொன்னோம். ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரிவரை நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிற வேலை, ஸ்டூல் கிடையாது, நின்று நின்று வந்த ஆணி. சுட்ட வெங்காயம், எருக்கம்பால், மருந்துக்கடைப் பிளாஸ்டர். ஞாயிற்றுக்கிழமையானால் வெந்நீரில் ஊறவைத்துப் பிளேடால் சீவுவாள், இவள் செல்போன் லைட்டைப் பிடிப்பாள். சீவிய தோலுக்கு அடியில் கறுப்பாகத் தெரியும். “உள்ளுக்குள்ள ரத்தம் கட்டியிருக்கு, வேற ஒண்ணுமில்ல.” செருப்பில் துளை போட்ட பிறகு, பாரு, வலியே இல்லை என்று வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்து காட்டினாள், சப், ப்ச், சப், ப்ச், சிரிப்பு வேறு. தொடையிடுக்கில் கட்டி வந்த பிறகுதான் மதுரைக்குப் போனார்கள். அங்கே டாக்டர் இங்கிலீஷில் சொன்னார், தோலில் தொடங்கி உள்ளே பரவுகிற நோயின் பேரை. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில், தமிழ் பேசினால் வாசலில் நிற்கவைத்து வளர்த்த இங்கிலீஷ், அந்த ஒரு வார்த்தைக்காகத்தானா சிஸ்டர், அதை முழுசாக, எழுத்துப் பிசகாமல் புரிந்துகொள்ளத்தானா. அம்மா இவள் முழங்கையைத் தட்டினாள், “என்னடி சொல்றாரு?” “ஆணிதாம்மா. கொஞ்சம் ஆழமாப் போயிருக்காம்.” அம்மா டாக்டரைப் பார்த்து, நான்தான் சொன்னேனே என்கிற மாதிரிச் சிரித்தாள். அந்த வார்த்தையை இன்றுவரை இவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. முரளியிடம்கூடச் சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்கு என்ன என்று பெண் பார்க்க வந்தபோது கேட்டார்கள், சர்க்கரை என்று சித்தப்பா சொல்லிவிட்டார், வம்சத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள். வம்சத்தில் இருக்கிறதா? வம்சம் இப்போது மடியில் வாயைத் திறந்து தூங்குகிறது, ஒரு பிஞ்சுக் கால் சால்வைக்கு வெளியே நீட்டி, அதன் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. கட்டைவிரலால் சுகந்தி அதை அழுத்தித் தேய்த்தாள். போனது. போனதா? அடியில் வெளுப்பாகத்தான் இருந்தது. மறுபடி தேய்த்தாள். குழந்தை முகத்தைச் சுளித்தது.

சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியது. ஓடிப் போய்விடலாம், ஆனால் ஓடவும் அந்தப் படியில்தான் ஓட வேண்டும். போனமுறையும் ஓடத்தான் செய்தாள். போனமுறை உள்ளேயே போய்விட்டாள், டாக்டர் ஷாஹிதாவின் எதிரில் உட்கார்ந்து, ஒரு மச்சம், என்று தொடங்கியும்விட்டாள். “ஒண்ணைப் பார்த்தாப் போதாதும்மா, உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்திரணும். கதவைத் தாழ் போட்டுட்டு அந்த ஸ்க்ரீனுக்குப் பின்னாடி போய் டிரெஸ்ஸை மாத்திக்கங்க” என்றார். தாழ்ப்பாள் விழவில்லை. பூட்டுக்குப் பேர்போன ஊர், இந்த ஒரு கதவுக்குத் தாழ் விழவில்லை. இழுத்தாள், தள்ளினாள், கொக்கி ஓட்டைக்குள் போகாமல் விளிம்பில் முட்டியது, இடுக்கு வழியாக வெளியே காத்திருப்பவர்களின் முழங்கால்கள் தெரிந்தன. “விடுங்கம்மா, யாரும் வரமாட்டாங்க.” யாரும் வரமாட்டார்கள். கான்வென்ட் ஹாஸ்டலிலும் யாரும் வரமாட்டார்கள்தான், ஆனாலும் உள்பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டுதான் குளிக்க வேண்டும், கடவுள் பார்க்கிறார் என்பார் சிஸ்டர் பெர்னதெத், கண்ணாடி வாங்கி வைத்திருந்த பெண்ணின் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தார். கடவுள் பார்ப்பார், நீ மட்டும் பார்க்கக் கூடாது. இருபத்தெட்டு வயதாகிறது, தன் முதுகைத் தான் பார்த்ததில்லை. முரளி பார்த்ததில்லை, விளக்கை அணைத்துவிடுவாள். பிரசவத்தில்கூடப் பச்சைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். கதவிடுக்கில் தெரிந்த அத்தனை முழங்கால்களையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்து, “முடிதான் டாக்டர் ரொம்பக் கொட்டுது” என்றாள். டாக்டர் அவள் தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். ஷாம்பு எழுதிக் கொடுத்தார். அந்த ஷாம்பு தீர்ந்துவிட்டது, முடி நன்றாக இருக்கிறது என்று அத்தை சொல்கிறாள்.

சத்தம் வாசலில் வந்து நின்றது. செருப்பு கழலும் ஓசை, இடதும் வலதும். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். சீயக்காய். ஈரமாக ஒரு காலடி, நொண்டி நொண்டி, அவளுக்கு நேராக வந்தது, பக்கத்து நாற்காலி முனகியது, “கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி, நனைஞ்சிருக்கேன்.” தோசைக்கல் வாடை. கண்ணைத் திறந்தாள். அம்மா இல்லை, அம்மா மாதிரியும் இல்லை, கறுத்துப் பெருத்த ஒரு அம்மாள், முந்தானையால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் வாசலில், இவளுடைய செருப்பை ஒட்டி, அது கிடந்தது. நீல வார், தேய்ந்த அடி, நடுவிரலுக்குக் கீழே வட்டமாகத் துளை, துளைக்குள் மழைத்தண்ணீர் பளபளத்தது. “பொட்டப்புள்ளையா?” “ஆமா.” “உன்னை உரிச்சு வச்சிருக்கு. உனக்கு என்ன மேலுக்கு?” “முடி கொட்டுது.” பொய் தானாகவே வந்து நின்றது. “முடிக்கா இந்த மழையில வந்தே? எனக்குந்தான் கொட்டுது, கொண்டையைச் சின்னதாப் போட்டுக்கிட்டேன், முடிஞ்சுபோச்சு.” போலீஸ்காரர் சிரித்தார். “எனக்கு ஆணி தாயி. பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக்கடை, பாக்கியம் கடைன்னா தெரியும். இட்லிக் கொப்பரைகிட்ட நின்னு நின்னு வந்தது. எம்மவ கோயமுத்தூர்ல இருந்துக்கிட்டுப் போன்லயே உசிர எடுக்குறா, டாக்டர்கிட்ட காட்டு காட்டுன்னு. ஆணிக்கு எதுக்கு டாக்டரு, ஒரு பிளேடு பத்தாது?” சொல்லிக்கொண்டே காலைத் தூக்கி மறு தொடையில் போட்டாள், பிளாஸ்டரின் ஓரத்தைச் சர்வ சாதாரணமாகப் பிரித்தாள். “சீவினா ரத்தந்தான் வருது. உள்ளுக்குள்ள கட்டியிருக்குபோல.” சுகந்தி பார்க்கவில்லை. பார்த்தாள். அவள் கையில் செல்போன் இல்லை, ஆனாலும் வெளிச்சம் பிடிக்கிற மாதிரி விரல்கள் மடங்கின. இது ஆணியாகத்தான் இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆணி, ஆணிதான். அந்த மிச்சம் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது, போய்விட்டது, இன்னொன்று எதற்கு வரும். ஏன் வராது. ஏன் என் பக்கத்திலேயே வந்து உட்காரும்.

“சுகந்தி யாரு, உள்ள வாங்க” என்றாள் டாக்டரிடம் வேலை செய்கிற ரோஸ்லின், மேஜையிலிருந்து தலையை நீட்டி. சுகந்தி எழுந்திருக்கவில்லை. “இவங்க முதல்ல போகட்டுமே, கால் வலியோட வந்திருக்காங்க” என்றாள், தருமம் பண்ணுகிற குரலில், அந்தக் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. “அட நீ போ தாயி, கைப்புள்ளக்காரி.” பாக்கியம் பிளாஸ்டரை மறுபடி அழுத்தி ஒட்டினாள். கூட்டத்தைக் கண்ணால் அளந்தாள். “இத்தனை பேருக்கு அப்புறம் நான் எப்பப் போயி எப்ப மாவாட்டுறது. டாக்டர் இல்லன்னு மககிட்ட சொல்லிக்கிறேன்.” முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். எழுந்துவிட்டாள். இதோ வாசலுக்குப் போவாள், அந்தச் செருப்புக்குள் காலை நுழைப்பாள், சப், ப்ச் என்று இறங்குவாள், ஒவ்வொரு படியாக, அந்தச் சத்தம் கீழே போய்த் தேயும், இவளும் பின்னாலேயே போய்விடலாம், ஷாம்பு வாங்கிக்கொண்டு போய்விடலாம், வீட்டில் அத்தை மைக்கிண்ணத்தோடு காத்திருப்பாள், நாளைக்கு நேற்றைய தடத்தின்மேல். நில்லுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் ஏன் என்பாள். ஏன் என்பதற்கு அந்த ஒரு வார்த்தைதான் இருக்கிறது, அது இங்கிலீஷில் இருக்கிறது, அதைத் தமிழில் சொல்ல இவளுக்கு வாய் வராது. முரளி கீழே பைக்கை ஓரங்கட்டிவிட்டு வருகிறேன் என்று போனவன், போனில் யாரிடமோ பேசிக்கொண்டு அங்கேயே நிற்கிறான். சுகந்தி எழுந்தாள். தெரிந்தவர்கள் கேட்டால்கூடத் தயங்கித் தயங்கிக் கொடுக்கிற குழந்தையை, பெயர் கேட்டுக் கால்மணிகூட ஆகாத ஒருத்தியின் ஈரப் புடவைமேல், அவள் மறுபடி உட்கார்ந்தே ஆக வேண்டிய மாதிரி, சரித்துவிட்டாள்.

“அடி ஆத்தே, என்ன பண்ற? நனைஞ்சிருக்கேன்னு சொல்றேன்!” பாக்கியம் தடுமாறி உட்கார்ந்தாள், கைகள் மட்டும் பழக்கத்தில் தாமாகவே தொட்டிலாயின. “நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. எந்திரிக்கக் கூடாது. எந்திரிச்சா முழிச்சுக்கும், முழிச்சா லேசுல அடங்காது.” “யாரு எவருன்னு தெரியாம ரோட்டுல போறவ கையில, புள்ளையத் தூக்கி... புத்தி இருக்கா உனக்கு? எனக்கு மாவு கெடக்கு!” “எங்கம்மாவுக்கும் ஆணின்னுதான் சொன்னோம்” என்றாள் சுகந்தி. அவ்வளவுதான் வந்தது. அதற்குமேல் அம்மாவையே இறந்தகாலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பாக்கியம் அவள் முகத்தைப் பார்த்தாள். தொடைமேல் போட்டிருந்த காலை மெதுவாகக் கீழே இறக்கி, கண்ணில் படாதபடி நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள், இவள் இழுத்துக்கொண்டது போலவே. “புள்ளை பேரென்ன?” என்றாள், வேறு குரலில். “ஆதிரை.” “சரி போ. சுருக்கா வந்துரு. நான் எங்கயும் போகல.” மடி கனமில்லாமல், காற்றில் நடப்பது போல, சுகந்தி அந்த அறைக்குள் போனாள். ஒவ்வொரு அடிக்கும் இடது கால் தரையில் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு போயிற்று.

“வாங்க. முடி எப்படி இருக்கு?” என்றார் டாக்டர் ஷாஹிதா, பேனாவைக் கீழே வைக்காமல். “முடி இல்ல டாக்டர்.” “அப்ப?” “கால். கால்ல ஒண்ணு. மேல மை இருக்கு, துடைக்கணும். அப்புறம் எல்லாம்.” “எல்லாம்னா?” “எங்கெங்க என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது. பார்த்துச் சொல்ல இப்ப ஆள் இல்ல.” சொல்லும்போது அழவில்லை, அது அவளுக்கே அதிசயமாக இருந்தது. டாக்டர் பேனாவை மூடினார். எழுந்துபோய்ப் படுக்கைக்கு மேலிருந்த பெரிய விளக்கைப் போட்டார், வெள்ளைவெளேரென்று, எதையும் ஒளித்துவைக்க விடாத வெளிச்சம், ஸ்க்ரீனின் பச்சை நூல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. பஞ்சை எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்தார். அந்தப் பஞ்சில் மை வரும். மையோடு போய்விட்டால்? போகாவிட்டால்? போகாது, பீர்க்கங்கூட்டுக்கே போகாதது. “எவ்வளவு நாளா இருக்கு?” என்று கேட்பார். தெரியாது என்பேன். தெரியாது என்பதும் ஒரு பதில்தான், சிஸ்டர் அதற்கு மார்க் போட மாட்டார், போடாவிட்டால் போகட்டும். “கதவு” என்றார் டாக்டர். “கொஞ்சம் தூக்கிப் போட்டாத்தான் விழும். மழைக்கு ஊதியிருக்கு.” கதவுக்குப் போனாள். இடுக்கு வழியாக முழங்கால்கள், போலீஸ்காரரின் காக்கி முழங்கால், பையனின் கிழிந்த ஜீன்ஸ், பாக்கியத்தின் ஈரச் சேலை, அதன்மேல் வெளுப்பாகச் சின்னதாக ஒரு பாதம், அதை ஒரு கறுத்த உள்ளங்கை போர்த்திப் பிடித்திருந்தது. அதற்கும் பின்னால் வாசல், வாசலில் நீலச் செருப்பு, காலி. யாரும் இல்லாமலே அதிலிருந்து ஒருமுறை ப்ச் என்று கேட்டது, அல்லது கேட்டது போலிருந்தது. நீ வெளியவே இரும்மா. இதைப் பார்க்க வேண்டாம். தோளைக் கதவில் கொடுத்து, தூக்கி, மூச்சைப் பிடித்து, தாழ்ப்பாளை இழுத்தாள். விளிம்பில் முட்டியது. இன்னும் கொஞ்சம் தூக்கினாள். விழுந்தது.